அறியாதவர் கையில் மருத்துவம்: நார்கோனான் மறுவாழ்வு மையங்களின் வரலாறு



மது விலக்கப்பட்ட மார்க்கத்தில் பிறந்த பிள்ளைகள் போதையின் பக்கம் போகமாட்டார்கள் என்று நம் முன்னோர் நம்பியிருந்தனர். அந்த நம்பிக்கை இன்று பல வீடுகளில் சத்தமின்றி உடைந்திருக்கிறது. உடைந்ததை வெளியே சொல்ல இயலாமை அதைவிடப் பெரிய துயரம். ஜமாஅத்தில் தெரிந்தால் என்ன பேசுவார்கள், மகளின் சம்பந்தம் தடைபடுமோ என்றெல்லாம் அஞ்சி, மகனை எங்கோ தொலைவிலுள்ள ஒரு மையத்தில் சேர்த்துவிட்டு, வேலைக்குப் போயிருக்கிறான் என்று உறவினரிடம் சொல்லும் தாய்மார்கள் நம்மிடையே உண்டு. அந்தப் பதற்றத்தில் நாம் பலவற்றைக் கேட்கிறோம். கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதம், யாருக்கும் தெரியாமல் இருக்குமா. சிகிச்சை அளிப்பவர் யார், அதற்கான தகுதியும் உரிமமும் அவருக்கு உண்டா என்பதைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் இதே பதற்றத்தோடு பிள்ளைகளை ஒப்படைத்த பெற்றோர் பலர், சயின்டாலஜி அமைப்போடு தொடர்புடைய நார்கோனான் என்னும் மறுவாழ்வு மையங்கள் மீது பின்னாளில் நீதிமன்றங்களில் வழக்குத் தொடுத்தனர். அந்த வரலாற்றை இங்கே எழுத முனைகிறோம். அதற்கு முன் நம்முடைய வரலாற்றில் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. பின்னால் சொல்லப்போவதை அளக்க அது ஓர் அளவுகோலாகும்.

மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து, அதனால் தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் கூற்று ஒன்று அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. நல்ல எண்ணத்தோடு செய்தேன் என்ற சொல் அங்கே கேடயமாகாது. இந்த நெறி வெறும் உபதேசமாக ஏட்டில் நின்றுவிடவில்லை. ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931-ஆம் ஆண்டு, பக்தாதில் ஒரு மருத்துவரின் தவற்றால் நோயாளி ஒருவர் இறந்தார். செய்தி கலீஃபா அல்முக்ததிரின் செவிக்கு எட்டியது. சந்தைகளையும் தொழில்களையும் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்கு அவர் ஆணையிட்டார்: தலைமை மருத்துவர் சினான் இப்னு தாபித் சோதித்துச் சான்று அளிக்கும்வரை எவரும் மருத்துவம் பார்க்கலாகாது. அவ்வாறு சோதிக்கப்பட்டவர்கள் 860-க்கும் மேற்பட்டோர் என்று மருத்துவர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

அந்தச் சோதனையின்போது நடந்ததாக ஒரு நிகழ்ச்சியும் அந்நூல்களில் உண்டு. மதிப்பான தோற்றமுடைய முதியவர் ஒருவர் வந்தார். தமக்கு எழுதப் படிக்கத் தெரியாது, இத்தொழிலில்தான் குடும்பம் பிழைக்கிறது, அதைத் தடுத்துவிட வேண்டாம் என்று மன்றாடினார். சினான் மனமிரங்கினார். ஆனால் நிபந்தனை விதித்தார்: அறியாத நோயில் கை வைக்கக் கூடாது, இரத்தம் குத்தி எடுக்கவோ கடும் பேதி மருந்து கொடுக்கவோ கூடாது. முதியவர் தாம் சிகஞ்சபீனையும் ஜுலாபையும் தாண்டியதில்லை என்றார். தேனும் காடியும் சேர்ந்த பானம் ஒன்று, பன்னீர்ச் சர்பத் மற்றொன்று. எவருக்கும் தீங்கு செய்யாத இரண்டு பானங்கள். படிக்காதவரின் பிழைப்பைப் பறிக்காமலும், நோயாளியின் உயிரைப் பணயம் வைக்காமலும் அந்த எல்லை வரையப்பட்டது. இந்த முதியவரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். எல். ரான் ஹப்பர்ட் (1911–1986) அறிபுனைகதைகள் எழுதிப் பிழைத்தவர். 1950-இல் டயனெடிக்ஸ் என்ற மனநல முறையை நூலாக வெளியிட்டார். சில ஆண்டுகளில் அது சயின்டாலஜி என்ற பெயரில் தேவாலய அமைப்பாக உருமாறியது. 1966-இல் அரிசோனா மாநிலச் சிறையில் போதைக் குற்றத்துக்காக அடைபட்டிருந்த வில்லியம் பெனிடெஸ் என்பவர், ஹப்பர்டின் நூல் ஒன்றைப் படித்து அதிலுள்ள பயிற்சிகளால் தாம் திருந்தியதாகக் கூறி, சக கைதிகளுக்கும் கற்பிக்கத் தொடங்கினார். நார்கோனான் அங்கே பிறந்தது. தொடக்கத்தைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிறையில் ஒரு மனிதர் திருந்தினார், பிறரையும் திருத்த முயன்றார், அவ்வளவே. பிற்காலத்தில் அது ஹப்பர்டின் கொள்கைகளைச் சமூகத்தில் பரப்பும் துணை அமைப்பு ஒன்றின் கீழ், பல நாடுகளில் கிளை பரப்பிய, உறைவிடக் கட்டணம் பல்லாயிரம் டாலர் பெறும் நிறுவனமாக வளர்ந்தது.

அதன் சிகிச்சை முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விவகாரத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. உட்கொண்ட போதைப் பொருளின் எச்சங்கள் உடலின் கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்து மீண்டும் மீண்டும் ஆசையைத் தூண்டுகின்றன என்பது ஹப்பர்டின் கருத்து. அவற்றை வெளியேற்ற, நாள்தோறும் ஐந்து மணி நேரம் வரை வெப்ப அறையில் அமர்ந்து வியர்க்க வேண்டும். பல வாரங்கள் இது தொடரும். கூடவே எண்ணெய், உப்பு, வைட்டமின்கள். குறிப்பாக நயாசின் எனப்படும் பி3 வைட்டமின் படிப்படியாகக் கூட்டப்பட்டு 5,000 மில்லிகிராம் வரை செல்லும். வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 16 மில்லிகிராம். அளவு மீறிய நயாசின் கல்லீரலைக் கெடுக்கும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. அதனால் தோல் சிவந்து எரிவதை, உள்ளிருந்த நஞ்சு வெளியேறுவதன் அடையாளம் என்று அங்கே விளக்கினர்.

அடுத்த கட்டம் பயிற்சிகள். இருவர் எதிரெதிரே அமர்ந்து அசையாமல் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்திருப்பது; ஆஷ்ட்ரே ஒன்றைப் பார்த்து எழு, உட்கார் என்று உரக்க ஆணையிடுவது. இவை சயின்டாலஜி தன் உறுப்பினருக்கு அளிக்கும் பயிற்சிகளின் வடிவங்களே. நூறு பேரில் எழுபத்தைந்து பேருக்கு மேல் குணமாகின்றனர் என்று விளம்பரம் செய்யப்பட்டது. அந்த எண்ணுக்குச் சுதந்திரமான ஆய்வு எதுவும் சான்றாக நிற்கவில்லை. பயிற்சியை முடித்தவர்களே ஊழியர்களாகி அடுத்து வருவோரைக் கவனித்துக்கொள்வதும் வழக்கமாக இருந்தது. நேற்று நோயாளி, இன்று மேற்பார்வையாளர். சிகஞ்சபீனைத் தாண்டாத அந்த பக்தாத் முதியவரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதியிலிருந்து உங்களைத் தவறச் செய்துவிட வேண்டாம் என்ற பொருள்பட அல்மாயிதா அத்தியாயம் நம்மை எச்சரிக்கிறது. சயின்டாலஜியரின் நம்பிக்கை சரியா தவறா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. நார்கோனானில் இருந்து வெளிவந்து நலமாக வாழ்வதாகச் சொல்பவர்களும் உண்டு. அவர்களைப் பொய்யர் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. குற்றச்சாட்டுகள் பலவற்றை அந்நிறுவனம் மறுத்தே வந்திருக்கிறது என்பதையும் பதிவு செய்கிறோம். அரசு வாரியங்களும் நீதிமன்றங்களும் எழுதி வைத்தவை வேறு, வழக்குகளில் குடும்பத்தார் சொன்னவை வேறு. இரண்டையும் பிரித்தே சொல்ல முயல்வோம்.

ஓக்லஹோமா மாநிலத்தின் வட எல்லையில், நியூகிர்க் என்ற சிற்றூருக்கு அருகே சிலாக்கோ என்னுமிடத்தில் செவ்விந்தியச் சிறுவர்களுக்கான பழைய அரசு உறைவிடப் பள்ளி ஒன்று 1980-இல் மூடப்பட்டுக் கிடந்தது. அந்நிலத்துக்கு உரியவர்களான பழங்குடிகளிடமிருந்து 1989-இல் நார்கோனான் அதைக் குத்தகைக்கு எடுத்தது. வறிய ஊர், வேலைவாய்ப்பு வருமென்று மக்கள் மகிழ்ந்தனர். ஒரு விழாவும் நடந்தது. நார்கோனானின் பணியைப் பாராட்டி ஓர் அமைப்பு 2 லட்சம் டாலருக்கான காசோலையை மேடையில் வழங்கியது. ஊர்ப் பத்திரிகையான நியூகிர்க் ஹெரால்ட் ஜர்னலின் ஆசிரியர் பாப் லாப்சிங்கர், யார் இந்தக் கொடையாளர் என்று தேடினார். வெளியிலிருந்து வந்து பாராட்டியவர்போல் மேடையில் நின்ற அந்த அமைப்பும் சயின்டாலஜியின் கிளையே, நார்கோனானுக்கு மேலமைப்பே என்று தெரியவந்தது. வலக்கை இடக்கைக்குக் கொடுத்ததை ஊரார் கைதட்டி வரவேற்றிருந்தனர். ஒரு சிற்றூரின் வார இதழ் ஆசிரியர் கேட்ட அந்த எளிய கேள்வி, பெரிய ஏடுகள் இவ்விவகாரத்தைக் கவனிக்க வழி செய்தது.

சிலாக்கோ மையம் 1990-இல் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கியது. மாநில அரசின் சான்றிதழுக்கும் விண்ணப்பித்தது. ஓக்லஹோமா மனநல வாரியம் மருத்துவச் சான்றுகளைப் பரிசீலித்து, 1991 டிசம்பரில் சான்றிதழ் மறுத்தது. இம்முறை பயனுள்ளது என்பதற்கு நம்பத்தக்க அறிவியல் சான்று இல்லை. மருத்துவ நோக்கில் பாதுகாப்பானதும் அன்று. பணியாளர்களின் கல்வியும் பயிற்சியும் போதா. இவ்வாறு வாரியம் தீர்ப்பெழுதியது. பக்தாதில் சினான் அமர்ந்த இருக்கையில் ஓக்லஹோமாவில் ஒரு வாரியம் அமர்ந்து, செய்ய வேண்டியதைச் செய்தது என்றே சொல்லத் தோன்றும்.

அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மறுவாழ்வு நிறுவனங்களுக்குத் தரச்சான்று வழங்கும் தனியார் ஆணையம் ஒன்று அரிசோனாவில் இருந்தது. 1992-இல் நார்கோனான் அதனிடம் சான்று பெற்றது. அச்சான்று உடையவர்களுக்கு மாநிலச் சான்றிதழ் வேண்டியதில்லை என்று விலக்கும் அளிக்கப்பட்டது. முந்தைய ஆண்டு பாதுகாப்பற்றது என்று எழுதப்பட்ட அதே சிகிச்சை, அதே வெப்ப அறை, அதே நயாசின், இப்போது சட்டத்துக்கு உட்பட்டதாயிற்று. வாரியத்தின் மருத்துவத் தீர்ப்பை எவரும் மறுத்து நிரூபிக்கவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கிடைத்தது, அவ்வளவுதான். இந்த நீண்ட விவகாரத்தில் நம்மை மிகவும் உறுத்துவது இதுவே. அறியாமல் நடந்த தீங்கு வேறு. அறிந்து எழுதி வைத்த பின்னும் நடக்கவிட்ட தீங்கு வேறு.

2001-இல் அம்மையம் அதே மாநிலத்தின் யுஃபாலா ஏரிக்கரையில் ஆரோஹெட் என்ற பழைய விடுதிக்கு இடம் மாறியது. ஏரி, மரங்கள், அமைதி. விளம்பரப் படங்களில் பார்த்த பெற்றோர் மனம் நிறைந்திருக்கும். மூன்று மாதச் சிகிச்சைக்கு ஏறக்குறைய 30,000 டாலர். வீட்டை அடகு வைத்தும் ஓய்வூதியச் சேமிப்பை உடைத்தும் அத்தகைய தொகையைத் திரட்டும் பெற்றோரின் நிலை எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

2011 அக்டோபருக்கும் 2012 ஜூலைக்கும் இடைப்பட்ட ஒன்பது மாதங்களில் ஆரோஹெட்டில் சிகிச்சைக்குச் சேர்ந்திருந்த மூவர் இறந்தனர். அவர்களுள் இளையவருக்கு வயது 20. மாவட்டக் காவல்துறையும் மாநில மனநலத் துறையும் விசாரணையில் இறங்கின. உடல்நிலை மோசமானவர்களைக் கவனிக்கத் தகுதியான மருத்துவரும் செவிலியரும் போதிய அளவில் இல்லை, உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவில்லை என்று குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். நிறுவனம் தன் மீது தவறில்லை என்றது. 2013-இல் மாநிலச் சட்டமன்றம் புதிய சட்டம் இயற்றி, தனியார் தரச்சான்றைக் காட்டி மனநலத் துறையின் கண்காணிப்பிலிருந்து விலகி நிற்கும் வழியை அடைத்தது. 1992-இல் திறந்த கதவை மூட 21 ஆண்டுகள் பிடித்தன.

ஜார்ஜியா மாநிலத்தில் நடந்தது இன்னொரு வகை. அங்கே அட்லாண்டா நகருக்கு அருகிலிருந்த நார்கோனான் மையத்துக்கு, பகலில் வந்து செல்லும் புறநோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்க மட்டுமே உரிமம் இருந்தது. ஆனால் வெளியூரிலிருந்து வந்தவர்கள் அருகிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் தங்கவைக்கப்பட்டனர். உள்தங்கிச் சிகிச்சை பெற வேண்டும் என்று நீதிமன்றம் பணித்திருந்த ஓர் இளைஞர் அப்படித் தங்கியிருந்த நிலையில் 2008 ஜூனில் போதையால் இறந்தார். பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். ஆவணங்களை உரியவாறு ஒப்படைக்காமல் இழுத்தடித்ததற்காக, 2012-இல் நீதிபதி அந்த மையத்தின் எதிர்வாதத்தையே நீக்கிவிட்டார். நீதிமன்றங்கள் அரிதாகவே எடுக்கும் கடுமையான நடவடிக்கை அது. 2013 பிப்ரவரியில், விசாரணை தொடங்குமுன், இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. ஏப்ரலில் காப்பீட்டு மோசடிப் புகாரின் பேரில் மையம் சோதனையிடப்பட்டது. அதே ஆண்டில் அது உரிமத்தை ஒப்படைத்துவிட்டு மூடப்பட்டது.

கனடாவில், கியூபெக் மாகாணத்தின் துருவா ரிவியேர் நகரில் இயங்கிய மையத்தை 2012 ஏப்ரலில் அவ்வட்டாரச் சுகாதார நிர்வாகம் மூடச் சொன்னது. அங்கு பின்பற்றப்படும் முறைகள் நோயாளிகளின் உடல்நலத்துக்கு ஆபத்தானவையாக இருக்கலாம் என்பது காரணம். இறப்புகளுக்காகக் காத்திராமல் எடுத்த முடிவு என்பதால் இதைத் தனியே குறிப்பிடுகிறோம்.

பள்ளிக்கூடங்களும் இதற்குத் தப்பவில்லை. கலிஃபோர்னியாவில் நார்கோனான் பேச்சாளர்கள் பல ஆண்டுகளாக அரசுப் பள்ளிகளில் போதை ஒழிப்பு வகுப்பு எடுத்து வந்தனர். 2004-இல் சான்ஃபிரான்சிஸ்கோ குரோனிக்கிள் நாளிதழ் இதை ஆராய்ந்து எழுதியது. மாநிலக் கல்வித் துறை நிபுணர்களைக் கொண்டு பாடங்களைப் பரிசோதித்தது. அறிவியலுக்கு முரணான செய்திகள் அவற்றில் இருப்பதாக 2005-இல் அறிக்கை வந்தது. வகுப்பை நிறுத்துமாறு பள்ளிகளுக்கு மாநிலக் கல்வித் தலைவர் அறிவுறுத்தினார். பிள்ளைகளைப் போதையிலிருந்து காக்க இலவசமாக வந்து பேசுகிறோம் என்றால் எந்தத் தலைமையாசிரியர்தான் மறுப்பார்?

வழக்குகளில் திரும்பத் திரும்ப வந்த மற்றொரு முறையீடும் நம் சிந்தனைக்குரியது. இது மதச்சார்பற்ற சிகிச்சை என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டு, உள்ளே ஹப்பர்டின் போதனைகளையே பாடமாகக் கற்பித்தனர் என்பது அது. மருந்து கேட்டுச் சென்றவருக்குச் சொல்லாமலே வேறொரு நம்பிக்கையைப் புகட்டுவது ஏமாற்று. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்று ஏற்றவர்கள் நாம். நாளை நம் அறக்கட்டளைகள் மறுவாழ்வு இல்லம் தொடங்கினால் நமக்கும் இதே அளவுகோல்தான். தொழுகையும் திக்ரும் அங்கே இடம்பெறுவதானால் அதை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். மருத்துவரின் இடத்தை அவை பிடித்துக்கொள்ளவும் கூடாது.

அமெரிக்கரின் குறைகளை எழுதுவது எளிது. நம் ஊரை மறைத்துவிட்டு எழுதினால் அது நேர்மையாகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் இல்லம் ஒன்று தீப்பிடித்தது. உள்ளிருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே விட்டுச் சென்றவர்களும் குடும்பத்தார்தாம். ஷிஃபா கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் விட்டுச் சென்றனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. அரசு ஏர்வாடியின் அத்தகைய இல்லங்களை மூடியது. அதற்கு முன் எத்தனையோ ஆண்டுகள் அவ்வழியே நடந்து சென்ற நாம் அனைவரும் அந்தச் சங்கிலிகளைப் பார்த்திருக்கிறோம்.

இன்று இந்தியாவில் நடைமுறையிலுள்ள 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. மதுவாலும் போதைப் பொருளாலும் விளையும் மனப் பாதிப்புகளும் அச்சட்டத்தின் வரையறைக்குள் அடங்கும். எனவே அத்தகையோரை உள்தங்கவைத்துச் சிகிச்சை அளிக்கும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவுச் சான்றைக் காட்டுங்கள் என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எந்த மருத்துவர் வருகிறார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், இரவில் மூச்சுத்திணறல் வந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டு செல்வீர்கள், பிள்ளையோடு தனியே பேச அனுமதிப்பீர்களா என்றும் கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை உண்டு. நடுவண் அரசின் கட்டணமில்லா உதவி எண் 14446. அந்த எண்ணுக்கு அழைக்க ஜமாஅத்தில் எவருடைய அனுமதியும் தேவையில்லை.